ஒடுக்கு விழுந்த நிழல்

இந்தக் காலத்து ஆட்களுக்கு நிழலில்கூட ஒடுக்கு இருக்கக் கூடாது. முன்பெல்லாம் வண்டி வாங்க வருகிறவன் சாவியைத் திருகுவான், புகையைப் பார்ப்பான், கீழே குனிந்து ஆயில் ஒழுகுகிறதா என்று பார்ப்பான், நாலு குறை சொல்லி விலையைக் குறைத்து ஓட்டிக்கொண்டு போவான். இப்போது வருகிறவனுக்கு யாருமே ஓட்டாத வண்டிதான் வேண்டும். வாங்கிக்கொண்டு போய் அவனும் ஓட்டமாட்டான். செருப்பை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு வெறுங்காலோடு நடக்கிற கூட்டம். இப்படிப்பட்ட ஆட்களுக்காக ஏல மண்டபத்தில் கொண்டுவந்து நிறுத்திய சிவப்பு இத்தாலி வண்டியின் நிழலில், வலப்பக்கக் கதவு இருக்கவேண்டிய இடத்தில், ஒரு முழ ஆழத்துக்கு ஒடுக்கு விழுந்திருந்தது. வண்டியில் ஒரு கீறல் கிடையாது. நிழலில் மட்டும்தான்.

அந்த வண்டிக்குக் கூரை இல்லை. இரண்டே பேர் உட்காரலாம். செய்தவன் மொத்தம் ஒன்பது செய்தான். நாலு பந்தயத்தில் எரிந்துபோயின, ஒன்று கடலில் விழுந்தது, ஒன்றைப் பிரித்து விற்றுவிட்டார்கள். மிச்சம் இருக்கிற மூன்றில் மிகக் குறைவாக ஓடியது இது. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். முப்பத்தெட்டு வருஷம் ஒரு மில் முதலாளியின் வீட்டுக்குப் பின்னால், சன்னல் இல்லாத கொட்டகையில், துணி போர்த்தி நின்றிருந்தது. ‘ஒரே முதலாளி, விபத்தே காணாதது’ என்று ஏலப் புத்தகத்தில் தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள். படம் பிடிக்க வந்தவன் விளக்கைப் போட்டதும்தான் ஒடுக்கு தெரிந்தது. தரை சரியில்லை என்று கழுவினார்கள். கம்பளம் விரித்தார்கள். கம்பளத்திலும் விழுந்தது. நாலு மூலையிலும் நாலு விளக்கு வைத்தால் நிழல் அழிந்துவிடும் என்று ஒரு படித்தவர் சொன்னார். வைத்தார்கள், நாலு நிழல் விழுந்தது, நாலிலும் ஒடுக்கு. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். அவர் மூன்று நாள் பார்த்துவிட்டு, வண்டியோடு வந்த கையேட்டில் நிழலைப் பற்றி எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஏலத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. கடைசியில் ஏலக்காரர், ஊருக்கு வெளியே பட்டறை வைத்திருக்கும் தகரத்தாரைத் தேடி வந்தார்.

தகரத்தாருக்கு எழுபத்து நாலு வயசு. இடிபட்ட வண்டிகளின் தகட்டைத் தட்டி நிமிர்த்துவது தொழில். இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். யாரையும் நம்பமாட்டார். மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால் கையை வெளியே நீட்டிப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொள்வார். டாக்டர் கொடுத்த மாத்திரையை உடைத்து முகர்ந்து பார்ப்பார். கடிகாரத்தைக்கூட இன்னொரு கடிகாரத்தைப் பார்த்துத்தான் நம்புவார். தகடு நிமிர்ந்துவிட்டதா என்பதற்கு மட்டும் அவருக்கு வேறு சாட்சி தேவையில்லை. மெல்லிய துணியைத் தகட்டின் மேல் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் தடவுவார். கண்ணுக்குத் தப்புகிற மேடு பள்ளம் அந்தக் கைக்குத் தப்பாது.

“பெரியவரே, ஒரு ஒடுக்கு எடுக்கணும்” என்றார் ஏலக்காரர். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார், பட்டறையில் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“எடுக்கலாம். வண்டி எங்க?”

“வண்டில இல்லைங்க. வண்டியோட நிழல்ல.”

தகரத்தார் அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு வாயிலிருந்து ஏதாவது வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்த்தார். வரவில்லை. “தகடு என்ன தகடு? இரும்பா, அலுமினியமா?”

“அலுமினியம்.”

“அப்ப நிழலும் அலுமினியமாத்தான் இருக்கும். கூலி ஜாஸ்தி ஆகும். அவசரப்படுத்தினா வரமாட்டேன்.”

மூன்று நாள் கழித்து, அனுப்பிய காரில் ஏறாமல் பஸ் பிடித்துப் போனார். மண்டபத்தில் வண்டியைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. கிட்டே போய், வலப்பக்கக் கதவின் அடி விளிம்பில் விரலை விட்டுத் துழாவினார். ஆணியால் குத்திய இரண்டு புள்ளி அங்கே இருந்தது. தான் நிமிர்த்திய ஒவ்வொரு கதவிலும் யாருக்கும் தெரியாத இடத்தில் அவர் வைக்கிற புள்ளி அது.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து அவர் பட்டறையில் இறக்கினார் மில் முதலாளி. அப்போது முதலாளிக்கு முப்பது வயசு இருக்கும். மரத்தில் உரசிவிட்டது என்றார். வலப்பக்கக் கதவு உள்ளே மடங்கி, உட்காரும் இடம்வரை போயிருந்தது. மரம் உரசினால் இப்படி ஆகாது என்று தகரத்தாருக்குத் தெரியும். ஆனால் அந்த வாரம் அவருக்கு வேறு கவலை. முதலாளியிடம் டிரைவராக இருந்த அவருடைய தம்பி வீட்டுக்கு வரவில்லை. சம்பளத்தை வாங்கிக்கொண்டு துறைமுகத்தில் இறங்கிக்கொண்டான், கப்பலில் வேலை கிடைத்துவிட்டதாம் என்று முதலாளிதான் சொன்னார். தம்பி ஏற்கெனவே வீட்டில் மூன்று தடவை கப்பல் பேச்சு எடுத்திருந்தான். அதனால் தகரத்தார் தன் ஆயுளில் ஒரே ஒரு தடவை, கையை வெளியே நீட்டிப் பார்க்காமல் ஒருத்தர் சொன்னதை நம்பினார். இரண்டு மாதம் உட்கார்ந்து அந்தக் கதவைத் தட்டினார். கிழிந்துபோயிருந்த வலப்பக்க சீட்டைத் தைத்தவள் தம்பியின் பெண்டாட்டி. பெயிண்ட் சிந்திவிட்டது என்று சொல்லிக் கொடுத்த பழைய தோலை அவள்தான் பிரித்து, அளவு எடுப்பதற்காக மூன்று தண்ணீரில் அலசிக் காயப்போட்டாள். ஊரில் தோல் தைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஏலக்காரர் விளக்கைப் போட்டார். தகரத்தார் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் படுத்து, துணியைப் போட்டு, கண்ணை மூடி, நிழலின் ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தார். முன்சக்கரம் சரியாக இருந்தது. கதவு தொடங்கும் இடத்தில் கை இறங்கியது. தரை அங்கே தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம் மாதிரிச் சில்லென்று இருந்தது. ஒடுக்கின் ஆழத்தில் விரலுக்கு வேறு ஏதோ தட்டுப்பட்டது. கண்ணைத் திறந்தார். வண்டியின் இரண்டு சீட்டும் காலியாக இருந்தன. நிழலில் வலப்பக்க சீட்டு காலியாக இல்லை. ஒரு தலை கதவின் மேல் சாய்ந்திருந்தது. ஒரு கை கதவுக்கு வெளியே தொங்கியது. அந்தக் கையில் சுண்டு விரல் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி எப்படிப் போனது என்று தகரத்தாருக்குத் தெரியும். அம்பாசடர் பானெட்டைத் தம்பியை ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தும்மல் வந்ததும் தன் பக்கத்தில் கையை விட்டவர் அவர்தான். அதன் பிறகு, டிரைவராகப் போகும்வரை பட்டறையில் இருந்த இரண்டு வருஷமும், சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் தம்பி அந்தச் சுண்டு விரலைக் காட்டித்தான் அண்ணனிடம் காரியம் சாதித்தான்.

ஏலக்காரரும் குனிந்து பார்த்தார். “ஓ, ஆள் வேற இருக்கானா? டிரைவர் போல. இவன்தான் எங்கேயோ கொண்டுபோய் மோதியிருக்கான். பாவம், மொதலாளிக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிருப்பான்.”

“டிரைவர்னு எப்படிச் சொல்றீங்க?”

“வலப்பக்கம் உக்காந்திருக்கானே.”

“போய் ஸ்டியரிங் எந்தப் பக்கம்னு பாத்துட்டு வாங்க சார்.”

இந்த ஊரில் ஓடுகிற அத்தனை வண்டிக்கும் ஸ்டியரிங் வலப்பக்கம். இத்தாலிக்காரன் செய்த இந்த வண்டிக்கு இடப்பக்கம். மூன்று வாரமாக அதைத் துடைத்து, படம் பிடித்து, புத்தகம் போட்ட ஏலக்காரர், இப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோல் போய்ப் பார்த்தார். பிறகு நிழலைப் பார்த்தார். ஓட்டுகிறவன் இருக்கவேண்டிய இடப்பக்கம், நிழலில் காலியாக இருந்தது. அவர் கையுறையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் முதலாளியை வரவழைத்தார்கள். அவருக்கும் எழுபதுக்குப் பக்கமாகிவிட்டது. கைத்தடியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நிழலை அவர் பார்க்கவில்லை. அது எங்கே விழும் என்று தெரிந்தவர் மாதிரிக் காலை மடக்கிக்கொண்டார். வண்டியை முப்பத்தெட்டு வருஷம் வெயிலுக்கே கொண்டுவராமல் ஏன் பூட்டிவைத்தார் என்று யாரும் அவரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. வெயிலைக் காணாததால்தான் அது குறைவாக ஓடியது, குறைவாக ஓடியதால்தான் அதற்கு இந்த விலை.

“கப்பல் எந்தத் துறைமுகத்துலேர்ந்து கெளம்புச்சு மொதலாளி?” என்று கேட்டார் தகரத்தார்.

முதலாளி கைத்தடியின் பூணைத் திருகிக்கொண்டிருந்தார். “அந்தக் கதவு திறக்கலப்பா” என்றார். “ஏரிக்கரை வளைவு. என்னைத் தூக்கி வெளிய எறிஞ்சிடுச்சு. அவன் பக்கம் மடங்கி, காலைப் பிடிச்சிடுச்சு. இழுத்துப் பாத்தேன்.”

“எவ்வளவு நேரம் இழுத்தீங்க?”

“இழுத்தேன்.”

“உசிரு இருந்துச்சா?”

“பேசிட்டுதான் இருந்தான். தண்ணி கேட்டான். ஆள் கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன். வீட்டுப் பெரியவங்க யோசிச்சாங்க, வக்கீலைக் கூப்பிட்டாங்க, மறுநாள் ஆயிடுச்சு.” “உடம்பை என்ன பண்ணீங்க?” என்று தகரத்தார் கேட்டதற்கு, “ஏரி பக்கத்துலதான இருந்துச்சு” என்றார். முதலாளி எழுந்துகொண்டு, ஒடுக்கை எடுத்துக் கொடுத்தால் வேண்டியதைச் செய்வதாகச் சொன்னார். தகரத்தார் அவரைப் பார்த்துவிட்டு, வெளியே போய் ஒரு தடவை காறித் துப்பிவிட்டு வந்தார். அதற்கு மேல் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்று சாயங்காலமே ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தார். இன்னொரு வக்கீலையும் பார்த்தார், முதல் வக்கீல் சொன்னது சரியா என்று தெரிந்துகொள்ள. இருவரும் ஒன்றையே சொன்னார்கள். வண்டியைக் கோர்ட்டு வாசலில் வெயிலில் நிறுத்தினால் போதும், ஜட்ஜ் கண்ணால் பார்க்கலாம்; ஒடுக்கு இருக்கிறவரைக்கும் வழக்கு இருக்கிறது, ஒடுக்கை எடுத்துவிட்டால் ஒன்றும் இல்லை. தகரத்தாருக்கு அது போதுமானதாக இருந்தது. ஒடுக்கை எடுக்கப்போவதில்லை, ஏலத்தை நடக்கவிடப்போவதில்லை என்று முடிவு செய்தார். ஆனாலும் தன் கண்ணை மட்டும் நம்பி ஒரு காரியத்தில் இறங்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால் தம்பி பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவள் அப்போதும் சீட்டு உறைதான் தைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெளுத்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷமும் அவளை யார் கேட்டாலும் “வெளியூர்ல இருக்காரு” என்பாள். ரேஷன் கார்டில் அவன் பெயரை எடுக்க விடவில்லை. வேறு ஒருத்தியோடு போய்விட்டான் என்று பேசியவர்களிடம், “அவருக்குச் சட்டைப் பட்டனைச் சரியாப் போடத் தெரியாது, எவ கூட்டிட்டுப் போவா” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு போகப் போகக் குறைந்து, கடைசியில் வாய் மட்டும் அசைகிற மாதிரி ஆகிவிட்டது.

அவள் நிழலின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அழவில்லை. தொங்கிய கையின் மேல் தன் கையை வைத்தாள். வெகு நேரம் பார்த்துவிட்டு, “கதவு மடங்கியிருக்கு மாமா” என்றாள். “அதான் வரல.”

தகரத்தார் வக்கீல்கள் சொன்னதை விவரமாகச் சொன்னார். இந்த ஒடுக்குதான் சாட்சி, இதை வைத்து அந்த ஆளை உள்ளே தள்ளலாம், வண்டியை விற்கவிடாமல் அடிக்கலாம், நிமிர்த்திவிட்டால் அவன் கோடிகளை எண்ணிக்கொண்டு போவான் என்றார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கேஸ் எத்தன வருஷம் நடக்கும் மாமா?”

“பத்து வருஷம் ஆகலாம். பதினஞ்சும் ஆகும்.”

“அதுவரைக்கும் இவர் இப்படியே உக்காந்திருக்கணுமா?”

“அவன் எங்கம்மா உக்காந்திருக்கான்? இது நிழல்.”

“கால் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. தெரியல உங்களுக்கு? சாட்சி சொல்றதுக்கு இன்னும் பதினஞ்சு வருஷம் உக்காருன்னு என்னால சொல்ல முடியாது. கதவை எடுத்து விடுங்க.”

“அந்த ஆளு தப்பிச்சிடுவான்மா.”

“அவரு எப்பவோ தப்பிச்சாச்சு. இவரு வெளிய வரட்டும்.”

இரண்டு நாள் தகரத்தார் பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு போனார். ஏலத்துக்கு முந்தின நாள் அது.

அலுமினியத் தகட்டைச் சும்மா தட்டினால் கிழிந்துவிடும். துணி சோப்பைத் தேய்த்து, அடியில் சூடு காட்ட வேண்டும். சோப்பு கறுக்கும்போது தகடு இளகியிருக்கும், அப்போது தட்டலாம். நிழலில் சோப்பு கறுப்பது தெரியவில்லை, நிழலே கறுப்பு. அதனால் முகர்ந்து பார்த்து வேலை செய்தார். சோப்பு தீய்கிற வாடை வந்ததும் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால், ஒடுக்கின் ஓரத்திலிருந்து நடுப்பக்கம் வட்டம் வட்டமாகத் தட்டிக்கொண்டு வந்தார். தரையில் அடி விழுந்தது. சத்தம் வந்தது வண்டியின் கதவிலிருந்து. யாரும் தொடாத அந்தச் சிவப்புக் கதவு ஒவ்வொரு அடிக்கும் வெண்கலப் பானை மாதிரி அதிர்ந்தது. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது. ஏலக்காரர் பதினோரு மணிக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். தம்பி பெண்டாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து, சோப்பு தீர்ந்தபோது புதுக்கட்டியைப் பிரித்துக் கொடுத்தாள். கால் இருக்கிற இடத்துக்கு வந்தபோது, “பாத்து மாமா, மெதுவா” என்றாள். தகரத்தார் அந்த இடத்தில் கொட்டாப்புளியை வைத்துவிட்டு, கட்டை விரலால் அழுத்தி அழுத்தி எடுத்தார்.

மூன்றரை மணிக்குத் துணியைப் போட்டுத் தடவிப் பார்த்தார். சமமாக இருந்தது. பழக்க தோஷத்தில் கதவின் அடி விளிம்பில் ஆணியை வைத்தார். பிறகு புள்ளி குத்தாமல் எடுத்துவிட்டார்.

வண்டியின் கதவு மூடியே இருந்தது. நிழலின் கதவு திறந்தது. தொங்கிக்கொண்டிருந்த கை உள்ளே போய், சீட்டை ஊன்றியது. ஒரு கால் வெளியே வந்தது. இன்னொரு காலுக்கு நேரம் பிடித்தது. எழுந்து நின்றதும் அந்த நிழல் முதுகை நெளித்துச் சோம்பல் முறித்தது. வெகு தூரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர்கள் இறங்கியதும் செய்வதுபோல. பிறகு காலை இழுத்து இழுத்து நடந்து, அவளுடைய நிழலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். “வரேன் மாமா” என்றாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வெயிலுக்குப் போனபோது, பின்னால் இரண்டு நிழல் போனது. காவலாளி ஒரு நிழலுக்கு ஒரு தரமும் இன்னொன்றுக்கு ஒரு தரமுமாகக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

ஏலக்காரர் ஒரு காகிதம் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று தகரத்தார் படித்துக்காட்டச் சொன்னார். வண்டி ஒருபோதும் இடிபட்டதில்லை என்பதற்கு, அனுபவமுள்ள தொழிலாளி என்ற முறையில் அவர் உறுதி சொல்வதாக எழுதியிருந்தது. ஏலக்காரர் இரண்டாவது வரியோடு தானாகவே நிறுத்திவிட்டு, காகிதத்தை மடித்துக்கொண்டார். தகரத்தார் ஒரு நாள் கூலியும் சோப்புக் காசும் வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் கொடுத்ததைத் தொடவில்லை.

ஏலம் நடந்தது. ‘நிழல் உட்படக் குறையற்றது’ என்று புத்தகத்தில் ஒரு வரி புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அப்படி ஒரு வரி அதற்கு முன் எந்த வண்டிக்கும் போட்டதில்லையாம். அதற்காகவே மூன்று பேர் போட்டி போட்டு ஏற்றினார்கள். முதலாளிக்கு வந்த தொகையில் ஒரு ஊரை வாங்கலாம். அவர் ஆறு வருஷம் கழித்துத் தூக்கத்திலேயே, நோவு இல்லாமல் செத்தார். வாங்கியவன் வண்டியைக் கொண்டுபோய்ச் சன்னல் இல்லாத அறையில் வைத்தான்.

தம்பி பெண்டாட்டி அதன் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். கடைத்தெருவில் அவள் போனால் பின்னால் வருகிறவர்கள் இரண்டாவது நிழலை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தார்கள். பஸ் கண்டக்டர் முதல் நாள் இரண்டு டிக்கெட் கிழித்து, யோசித்து, ஒன்றைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ரேஷன் கடையில் நிழலைப் பார்த்துவிட்டு, ஆள் வந்தாச்சு என்று எழுதிக்கொண்டார்கள். மேகம் போட்ட நாளில் அவள் வெளியே வருவதில்லை. தெருவுக்கு அது பழகிப்போய், ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

தகரத்தார் மட்டும் பழகவில்லை. வாரத்தில் ஒரு நாள் வெயில் சாயும் நேரத்தில் அவள் வீட்டுப் பக்கம் போவார். அவள் வாசலில் ஸ்டூலைப் போட்டு ஊசியும் தோலுமாக உட்கார்ந்திருப்பாள். சுவரில் இரண்டு நிழல் உட்கார்ந்திருக்கும், ஒன்று மற்றதன் பக்கம் சாய்ந்து. பாதிச் சுண்டு விரல் இருக்கிற பக்கத்தை அவர் பார்க்கமாட்டார்.

“உக்காருங்க மாமா. தண்ணி கொண்டாரேன். உங்க தம்பி உங்களையேதான் பாத்துட்டிருக்காரு.”

“ஆள் எங்க?” என்பார் தகரத்தார்.

“இதோ இருக்காரே.”

“ஆள் வரட்டும். உக்கார்றேன்” என்று சொல்லிவிட்டு, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, சுவருக்கு எதிர்ப்பக்கமாக, ஏரிக்கரைச் சாலையைப் பார்த்து நடப்பார்.